முப்புரிக் கயிறும் அம்மாவின் முழங்காலும்

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "தேய்மானம்." தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே, குருத்தெலும்பு இருப்பதால் தெரிய வேண்டிய இடைவெளி, அம்மாவின் வலது முழங்காலில் உட்பக்கமாக ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கியிருந்தது. வலிக்கு மாத்திரை, சில பயிற்சிகள், எடையில் கவனம், பின்னாளில் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா கேட்டார்: "ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மணிக்கட்டு உடைந்தது. இரண்டு மாதத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு கெட்டியான எலும்பே ஒட்டும்போது, மெத்தென்று இருக்கிற இது மட்டும் ஏன் திரும்ப வளரமாட்டேன் என்கிறது?"

நான் உயிர்வேதியியல் படித்து, அதையே கற்பித்து வருகிறவன். எலும்பையும் குருத்தெலும்பையும் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படியில் நின்று இரண்டு வாக்கியங்களில் சொல்ல எனக்குப் பதில் கிடைக்கவில்லை. "வயதாகிறது அல்லவா, அம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதிலே இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கும் பழக்கத்தை அம்மா நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நடந்து நடந்துதானே தேய்ந்தது? இருப்பதையாவது மிச்சம் பிடிக்க வேண்டாமா?" என்றார். தேய்மானம் என்று சொன்னால் யாருக்கும் செருப்பின் அடிப்பாகமும் வண்டிச் சக்கரமும்தான் நினைவுக்கு வரும். அப்படிப் புரிந்துகொண்டால் அம்மாவின் முடிவு முற்றிலும் நியாயமானது. அந்தச் சொல்தான் நியாயமற்றது. மூட்டில் உண்மையில் என்ன இருக்கிறது, அது எப்படிக் கட்டப்படுகிறது, எப்படி அழிகிறது என்று தெரிந்தால், தேய்மானம் என்ற சொல்லை யாரும் அவ்வளவு இலகுவாக உச்சரிக்கமாட்டார்கள்.

கயிற்றிலிருந்து தொடங்குகிறேன்.

கயிறு திரிக்கும்போது நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். பிறகு மூன்று புரிகளைச் சேர்த்து அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். அந்த முயற்சியே மூன்றையும் சேர்த்த பெரிய முறுக்கை இறுக்கிவிடும். எவ்வளவு இழுத்தாலும் கயிறு பிரியாமல் நிற்பது இந்த எதிரெதிர் முறுக்கால்தான். கொலாஜன் மூலக்கூறும் இப்படிப்பட்ட முப்புரிக் கயிறுதான். அதன் ஒவ்வொரு புரதச் சங்கிலியும் இடம்புரியாகச் சுழல்கிறது. மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று தழுவி வலம்புரியாக முறுக்கிக்கொள்கின்றன. சங்குக்கு நாம் வைத்திருக்கும் இந்த இரண்டு சொற்களும் இந்த மூலக்கூறுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இந்த அமைப்பு முதலில் கண்டறியப்பட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் அங்கே இயற்பியல் துறையை நடத்த வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். அங்கு வருகை தந்த ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிக் கிடைத்த படங்களும், கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற வேதியியல் தகவலும்தான் அவரிடமும் கோபிநாத் கர்த்தாவிடமும் இருந்த துப்புகள். மூன்றில் ஒன்று என்ற அந்த விகிதம் தற்செயலாக இருக்க முடியாது என்று அவர்கள் ஊகித்தார்கள். 1954இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றாக முறுக்கிக்கொண்ட சுருள் என்றார்கள்.

ஏன் மூன்றில் ஒன்று? மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கும்போது நடு அச்சில் இடமே இருப்பதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் அந்த அச்சுக்கு உள்ளே வந்தாக வேண்டும். புரதங்களில் உள்ள இருபது அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். அதற்குப் பக்கக்கிளையாக இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அந்த இண்டில் நுழைய அதனால் மட்டுமே முடியும். ஆகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் நீளும் சங்கிலி முழுவதும், கிளைசின், வேறொன்று, மற்றொன்று, மறுபடி கிளைசின் என்று சந்தம் தப்பாமல் போகிறது.

ராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று போதும் என்றார்கள். ராமச்சந்திரன் இரண்டு என்றிருந்தார். அந்த எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதுதான் நிலைத்தது. ஆனால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை ராமச்சந்திரன் விட்டுவிடவில்லை. அதுவரை அளக்கப்பட்ட படிகங்களையெல்லாம் அலசினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் அது. இன்று உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைத் தீர்த்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஒரு கயிற்றைப் பற்றிய வாதம் புரத அறிவியல் முழுவதற்கும் ஓர் அளவுகோலைத் தந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதத்தால் நெஞ்சு நிறைந்துவிடும்.

மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் கயிறு செய்தால் அது இரண்டு மீட்டர் நீளும் என்ற விகிதம். இவ்வளவு நீண்ட கயிற்றை ஓர் உயிரணு தனக்குள்ளேயே திரித்தாக வேண்டும். மூன்று சங்கிலிகளும் தங்கள் வால்முனைகளால் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்கின்றன. அங்கிருந்து தலையை நோக்கி, ஜிப் மூடுவதுபோல முறுக்கு ஏறுகிறது. ஏறி முடிவதற்குள் சங்கிலியில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலங்களில் பலவற்றுக்கு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு கிளை பொருத்தப்பட வேண்டும். அதைப் பொருத்தும் நொதிக்கு இரும்பும் வைட்டமின் சியும் தேவை. இந்தச் சிறு கிளைதான் கயிற்றின் முறுக்கைத் தாங்குகிறது. அது இல்லாத கொலாஜன் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடுகிறது. நம் உடல் 37 டிகிரி.

அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கடல் சொல்லியிருக்கிறது. ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் 1740இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. சென்சூரியன் என்ற கப்பலில் இருந்த ஒரு முதியவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாய்ன் போரில் காயப்பட்டவர். காயம் அப்போதே ஆறி, அவர் நலமாகவே வாழ்ந்துவந்தார். ஸ்கர்வி கண்டதும் அந்தப் பழைய காயங்கள், ஆறவே இல்லாதவைபோலத் திறந்துகொண்டன. முன்பு உடைந்து ஒட்டியிருந்த எலும்பும் ஒட்டாததுபோலப் பிரிந்தது என்று அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. படித்த நாளிலிருந்து இந்தக் காட்சி என் மனதை விட்டு அகலவில்லை. ஐம்பது ஆண்டு பழைய தழும்பு ஏன் திறக்க வேண்டும்? தழும்பு ஒருமுறை தைத்து முடித்த தையல் இல்லை என்பதால்தான். உடல் அதை ஓயாமல் பிரித்துப் பிரித்துப் புதிதாக நெய்துகொண்டிருக்கிறது. நெய்யும் கையில் வைட்டமின் சி இல்லாமல் போனால், பழையது போகும், புதியது நிற்காது. அம்மாவின் கேள்விக்கான முதல் துப்பு இதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

திரித்த கயிற்றை வெளியே அனுப்புவதும் எளிய காரியமில்லை. புரதங்களை உயிரணுவுக்குள் சுமந்து செல்லும் பைகள் வழக்கமாக நூறு நானோமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டவை. 300 நானோமீட்டர் விறைப்பான கயிற்றை அவற்றில் எப்படித் திணிப்பது? டேங்கோ-1 என்ற புரதம் கொலாஜனுக்கென்று தனியாக வழியைப் பெரிதாக்கித் தருகிறது என்று 2009இல்தான் தெரியவந்தது. கயிற்றின் இரு முனைகளிலும் மூடிகள்போல உபரிப் பகுதிகள் இருக்கின்றன. அவை இருக்கும்வரை கயிறுகள் ஒன்றோடொன்று சேராது. உயிரணுவுக்குள்ளேயே சேர்ந்து கெட்டியாகிவிட்டால் உயிரணு பிழைக்காது. வெளியே வந்ததும் நொதிகள் அந்த மூடிகளை வெட்டிவிடுகின்றன. அந்தக் கணத்திலிருந்து கயிறுகள் தாமாகவே அணிவகுக்கின்றன.

"தாமாகவே" என்பதை என் கையால் பார்த்திருக்கிறேன். முதுகலை படிக்கும்போது, பனிக்கட்டியில் வைத்த சோதனைக் குழாயில் கொலாஜன் கரைசல் தெளிந்த நீராக இருந்தது. அமிலத்தன்மையைச் சமன்செய்து 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கரைசல் பால்போல மங்கத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் குழாயைக் கவிழ்த்தால் கொட்டவில்லை. உயிரணு ஒன்றுகூட அதில் இல்லை. உத்தரவிட எவரும் இல்லை. மூலக்கூறுகள் தங்கள் வரிசையைத் தாங்களே கண்டுகொண்டிருந்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இழைகளைப் பார்த்தால் 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டை என்று வரிவரியாகத் தெரியும். செங்கல் அடுக்கும்போது மேல்வரிசைக் கல் கீழ்வரிசையின் இணைப்புக்கு நேராக வராதபடி தள்ளி வைப்பார்களே, அதுபோல ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறைவிட ஏறத்தாழ கால்பங்கு நீளம் தள்ளி நிற்கிறது. அடுத்தடுத்த மூலக்கூறுகளின் முனைகளுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி விழுகிறது. எலும்பில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் அந்த இடைவெளிகளில்தான் முதலில் குடியேறுகின்றன.

கடைசியாக, செம்பு அயனியைக் கொண்ட ஒரு நொதி பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை லைசின் என்ற அமினோ அமிலங்களின் வழியாகப் பிணைத்துவிடுகிறது. குறுக்குப் பிணைப்பு இல்லாத கொலாஜன் இழை, முடிச்சுப் போடாத வலைபோல நழுவிவிடும். இனிப்புப் பட்டாணி எனப்படும் அழகுச் செடியின் விதையில் உள்ள ஒரு வேதிப்பொருள் இந்த நொதியை முடக்குகிறது. அதைத் தின்ற எலிகளின் எலும்பு வளைந்தது, பெருந்தமனி கிழிந்தது.

இவ்வளவு படிகள் இருக்க, மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் என்ன நடக்கும்? ஒரு கிளைசினின் இடத்தில் பெரிய அமினோ அமிலம் ஒன்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜிப் அங்கே சிக்கிக்கொள்ளும். எலும்பின் முதலாம் வகைக் கொலாஜனில் ஒரே மாதிரியான சங்கிலிகள் இரண்டு, வேறு மாதிரி ஒன்று. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுக்களில் ஒன்று மட்டும் பிழையாக இருந்தாலும், அந்த இரட்டைச் சங்கிலிகளில் குறைந்தது ஒன்றாவது பிழையாக அமையும் வாய்ப்பு நான்கில் மூன்று. ஆக, மரபணுக்களில் பாதி நல்லவை, கயிறுகளில் முக்கால்வாசி பழுது. எலும்பு நொறுங்கும் பிறவி நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவின் கடுமையான வகைகள் பெரும்பாலும் இப்படி வருகின்றன. அதே மரபணு பிழையாக இல்லாமல் முற்றிலும் ஊமையாகிவிட்டால், கொலாஜன் பாதியளவுதான் உருவாகும். ஆனால் உருவாவது அனைத்தும் நல்லதாக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு நோய் லேசாகவே வருகிறது. குறைவான நல்ல கயிறு, நிறைவான கெட்ட கயிற்றைவிட மேல்.

குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜனில் மூன்று சங்கிலிகளும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன. அங்கே கணக்கு இன்னும் கொடியது: மூன்றும் நல்லதாக அமையும் வாய்ப்பு எட்டில் ஒன்றே. அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் குடும்பமே இளம் வயதில் மூட்டுவலியோடு வாழ்வதை 1990இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நடந்து தேய்ப்பதற்கு அவர்களுக்கு வயதே ஆகவில்லை.

இனி குருத்தெலும்பைப் பார்ப்போம். (ஒரு சிறு குறிப்பு: பேச்சில் நாம் தசைநார், மூட்டுக்குள் இருக்கும் பிறைவடிவத் திண்டு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் "ஜவ்வு" என்றே சொல்லிவிடுகிறோம். மூன்றும் வெவ்வேறு. நான் பேசுவது எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் பளபளப்பான வெண்போர்வையைப் பற்றி.) முழங்காலில் அதன் தடிமன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்கள்தான். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். இரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. உயிரணுக்கள் மொத்தக் கன அளவில் ஒன்றிரண்டு சதவீதமே. தனித்தனித் தீவுகளாகக் கிடக்கின்றன. மீதியெல்லாம் இரண்டு பொருள்களின் இழுபறி. ஒன்று, அக்ரிகன் என்ற புட்டி கழுவும் பிரஷ் வடிவ மூலக்கூறு. எதிர்மின்சுமை நிறைந்த அதன் தூவிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பத் துடிக்கின்றன. மற்றொன்று, அதை உப்பவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் வலை. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால்தான், நாம் படி இறங்கும்போது விழும் சுமையைத் தாங்கும் விறைப்பு அந்த மெல்லிய போர்வைக்கு வருகிறது.

வலை என்றால் ஏனோதானோவென்று பின்னியதல்ல. 1898இல் ஹுல்ட்கிரான்ட்ஸ் என்பவர் குருத்தெலும்பின் பரப்பில் வட்ட ஊசியால் குத்திப் பார்த்தார். துளை வட்டமாக விழவில்லை. ஒரு கீறலாகப் பிளந்தது. பரப்பெங்கும் குத்தினால் கீறல்கள் ஒழுங்கான கோலமாக ஓடின. நார்கள் ஒரு திசையில் படுத்திருப்பதற்கு அது சாட்சி. 1925இல் பென்னிங்ஹாஃப் அதன் முழு வடிவத்தை விளக்கினார்: நார்கள் அடியில் எலும்பில் வேரூன்றி, செங்குத்தாக எழும்பி, மேலே வளைந்து, பரப்போடு படுத்து, மறுபடி கீழிறங்குகின்றன. வரிசையாக நிற்கும் தோரண வளைவுகள் போல. அந்தப் பரப்பில் மற்றொரு குருத்தெலும்பு உராயும்போது, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவான உராய்வே ஏற்படுகிறது.

இங்கேதான் தேய்மானம் என்ற சொல்லை நான் நிறுத்திக் கேள்வி கேட்க விரும்புகிறேன். இவ்வளவு குறைவாக உராயும் ஒன்று எப்படித் தேய்ந்து போகும்? தண்டுவடத்தில் அடிபட்டுக் கால்கள் அசைவற்றுப்போனவர்களின் முழங்காலில் குருத்தெலும்பு மெலிந்துபோவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஓர் அடிகூட நடக்காத காலில் எது எதைத் தேய்த்தது?

விடைக்குத் தவளைக் குஞ்சின் வாலுக்குப் போக வேண்டும். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் உதிர்வதில்லை. உள்ளேயே கரைந்து மறைகிறது. வாலின் கொலாஜன் எங்கே போகிறது? 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியேரும் அந்த வாலின் துண்டுகளைக் கொலாஜன் கூழின் மேல் வைத்துப் பார்த்தார்கள். துண்டைச் சுற்றி மங்கலான கூழ் கரைந்து தெளிவானது. சாதாரண நொதிகளால் கடிக்க முடியாத முப்புரிக் கயிற்றைக் கடிக்கும் கத்தரிக்கோல் அங்கே இருந்தது. கொலாஜனேஸ் என்ற அந்த நொதி கயிறு முழுவதையும் நறுக்குவதில்லை. நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி, ஒரே இடத்தில் வெட்டுகிறது. அவ்வளவுதான் தேவை. வெட்டுண்ட துண்டுகள் உடல் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடுகின்றன. மிச்சத்தை மற்ற நொதிகள் பார்த்துக்கொள்கின்றன.

நம்மிடமும் இந்தக் குடும்பத்துக் கத்தரிக்கோல்கள் இருக்கின்றன. எம்எம்பி-13 என்பது இரண்டாம் வகைக் கொலாஜனை வெட்டுவதில் குறிப்பாகத் தேர்ந்தது. அது நம் எதிரியாகப் பிறந்ததல்ல. குழந்தை உயரமாக வளரும்போது, எலும்பின் நுனியில் உள்ள வளர்தட்டில் குருத்தெலும்பு உயிரணுக்கள் பருத்து, இந்த நொதியைச் சுரந்து, தங்களைச் சுற்றியுள்ள வலையைத் தாமே வெட்டி எலும்புக்கு வழிவிடுகின்றன. நாம் ஒவ்வொருவரும் நெடிது வளர்ந்ததில் அந்தக் கத்தரிக்கோலின் பங்கு உண்டு. தேய்மானம் என்று நாம் சொல்லும் மூட்டுச் சிதைவில் நடப்பது என்னவென்றால், காயமோ, தாறுமாறான சுமையோ, நாள்பட்ட அழற்சியோ தூண்ட, மூட்டில் அமைதியாக இருக்க வேண்டிய உயிரணுக்கள் வளர்தட்டின் உயிரணுக்களைப்போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. பருக்கின்றன, பத்தாம் வகைக் கொலாஜனைச் சுரக்கின்றன, கத்தரிக்கோலை எடுக்கின்றன. வலை உள்ளிருந்து வெட்டப்படுகிறது. ஆகவே தொடக்கத்தில் குருத்தெலும்பு மெலிவதுகூட இல்லை. பிடி தளர்ந்ததால் தண்ணீர் ஏறி உப்புகிறது! தேயும் பொருள் எதுவும் முதலில் வீங்குவதில்லை. பிறகுதான் மென்மையாகி, நார் நாராகப் பிரிந்து, சுமை தாங்காமல் உதிர்கிறது. உராய்வு உதிர்ப்பது ஏற்கெனவே வெட்டப்பட்டதை.

அப்படியானால் கத்தரிக்கோலை முடக்கும் மருந்து கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நொதிக் குடும்பம் முழுவதையும் தடுத்த மருந்துகள் மூட்டுவலியையும் இறுக்கத்தையும் தாமே உண்டாக்கியதால் அந்த முயற்சிகளைக் கைவிட வேண்டியதாயிற்று. வெட்டுவதும் உடலுக்குத் தேவையான வேலைகளில் ஒன்றுதான்.

1956இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கண்ட ஒரு காட்சி உண்டு. பப்பாளிப் பாலில் உள்ள பாப்பெயின் நொதியை முயல்களின் நரம்பில் ஏற்றினார். ஒரே நாளில், விறைத்து நின்ற காதுகள் துணிபோலத் தொங்கின. சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்துவிட்டன. நொதி அக்ரிகன் போன்ற பொருளைக் கரைத்திருந்தது. வலை மட்டும் அப்படியே இருந்தது. வலை இருந்ததால் உயிரணுக்கள் இழந்ததைச் சுரந்து நிரப்பிவிட்டன. மூட்டுச் சிதைவிலும் முதலில் போவது அக்ரிகன்தான். அதுவரை திரும்பி வர வழி இருக்கிறது. கொலாஜன் வலை அறுந்த பிறகு வழி அடைபடுகிறது.

ஏன் அடைபடுகிறது என்பதற்கு விடை, எதிர்பாராத விதமாக, அணுகுண்டுகளிடமிருந்து வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963இன் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்டுக்காண்டு குறைந்தது. அந்தக் காலத்தில் உடலில் உருவான எந்தப் பொருளிலும் அந்த ஆண்டின் அளவு முத்திரையாகப் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2016இல் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனில் அந்த முத்திரையைப் படித்தார்கள். நன்றாக இருந்த மூட்டிலும் சரி, சிதைந்த மூட்டிலும் சரி, கொலாஜன் முழுவதும் அந்த மனிதர் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளைச் சேர்ந்தது. பெரியவரான பின் புதிதாக நெய்தது அநேகமாக எதுவுமே இல்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2000இல், வேறொரு முறையில் கணக்கிட்டவர்கள் குருத்தெலும்பின் கொலாஜன் பாதியாகக் குறைய 117 ஆண்டுகள் ஆகும் என்றிருந்தார்கள். தோலின் கொலாஜனுக்கு அதே கணக்கு 15 ஆண்டுகள்.

எலும்பு இதற்கு நேர் எதிர். அதில் அரிக்கும் உயிரணுக்களும் கட்டும் உயிரணுக்களும் ஓயாமல் உழைத்து, எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்து சதவீதத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. இரத்தம் வருகிறது, உயிரணுக்கள் வருகின்றன, பழையதை அகற்றிப் புதியதை நெய்கின்றன. அதனால்தான் அம்மாவின் மணிக்கட்டு ஒட்டியது. அதே காரணத்தால்தான் சென்சூரியன் கப்பலின் முதியவருக்கு ஒட்டிய எலும்பு பிரிந்தது. புதுப்பிக்கப்படும் பொருளுக்குப் புதுப்பிப்பு நின்றால் ஆபத்து. புதுப்பிக்கப்படாத பொருளுக்கு ஒருமுறை அறுந்தால் ஆபத்து. சிதைந்த குருத்தெலும்பு மறுபடி வருவதில்லை என்று வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743இலேயே எழுதிவிட்டார். இன்றும் அறுவை சிகிச்சையில் அடியெலும்பில் சிறு துளைகள் இட்டு இரத்தத்தை வரவழைத்தால் அந்த இடம் நிரம்புகிறது. ஆனால் நிரப்புவது பெரும்பாலும் முதலாம் வகைக் கொலாஜன், தழும்பின் கொலாஜன். தோரண வளைவுகள் திரும்ப எழுவதில்லை.

இதையெல்லாம் ஒரு மாலையில் அம்மாவிடம் சொன்னேன். இதே வரிசையில் அல்ல. கயிறு, வலை, கத்தரிக்கோல் என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு. இடையில் அவர் கேட்டார்: "கொலாஜன் பொடி என்று விளம்பரம் வருகிறதே, அதைக் குடித்தால்?" குடித்த கொலாஜனைக் குடல் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடுகிறது, கயிறாக அது மூட்டுக்குப் போய்ச் சேராது என்றேன். "பொருள் இல்லாமல் வேலை நிற்கவில்லை, அம்மா. நெய்கிறவர்கள்தான் எப்போதோ தறியை விட்டு எழுந்துவிட்டார்கள்." அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பொடியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

நடை பற்றிய பேச்சுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இரத்தம் எட்டாத அந்தப் போர்வைக்கு உணவு மூட்டு நீரிலிருந்துதான் போகிறது. அழுந்தி விடும்போது அந்த நீர் உள்ளும் புறமும் போய் வருகிறது. மிதமாக ஓடுகிறவர்களுக்குக்கூட, உட்கார்ந்தே இருப்பவர்களைவிட முழங்கால் சிதைவு அதிகம் வருவதில்லை. முழங்கால் சிதைவுக்கான சிகிச்சை நெறிகள் உலகெங்கும் உடற்பயிற்சியை முதல் வரிசையில் வைத்திருக்கின்றன. தொடைத் தசை வலுவாக இருந்தால் மூட்டின்மேல் சுமை சீராக விழும். இவற்றால் வலை மறுபடி நெய்யப்படாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வலி குறையும், கால் நம் சொல்படி கேட்கும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வலது முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அப்படியானால் இதற்குள் மிச்சம் இருக்கிறது நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் உண்டானதா?" என்றார்.

"ஆமாம். அப்போது நெய்ததுதான்."

"அப்போது நான் நன்றாக ஓடுவேன்" என்றார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது வாசலில் அவருடைய செருப்பு இல்லை. இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து, மெதுவாகப் பத்து வரை எண்ணினார்.